பதினேழு வயதுக் கணினிக்குப் புதிய பயாஸ்

எங்கள் ஹார்டுவேர் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியை 2008ஆம் ஆண்டில் வாங்கினோம். அதை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். அதற்குக் காரணம் பழம்பொருட்களின் மீதான பாசம் அல்ல. கணினியின் முதுகில் இருக்கும், இருபத்தைந்து துளைகள் கொண்ட பேரலல் போர்ட்தான். மூன்று தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. பில் போடும் மென்பொருளோ விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் டாஸ் நிரல்களை ஓட்டாது என்பதால், இணையத்தோடு இணைக்கப்படாத 32 பிட் விண்டோஸ் 7 ஒன்றை அதற்காகவே வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி தளத்துக்கும் இ-வே பில்லுக்கும் அதே கணினியில் தனிப் பகுதியில் நிறுவிய லினக்ஸ் உதவுகிறது.

லினக்ஸில் உலாவியைத் திறந்தால் கணினி மூச்சு வாங்கியது. மதர்போர்டில் பிராசசரையும் ரேமையும் மற்ற பாகங்களையும் இணைப்பது இன்டெலின் ஜி31 சிப்செட். அதற்கு 4 ஜிபி ரேம்தான் உச்ச வரம்பு, அதை முன்பே நிரப்பிவிட்டேன். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியும் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது பிராசசர் ஒன்றுதான். அதில் இருந்த கோர் 2 டுவோ இ4500 என்பது 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது, 2.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும், கேஷ் எனப்படும் உள் நினைவகம் 2 எம்பியும் கொண்டது. அதே சாக்கெட்டில் உட்காரும் இ8400, 45 நானோமீட்டர் வகையைச் சேர்ந்தது. 3 கிகாஹெர்ட்ஸ் வேகம், 6 எம்பி கேஷ், ஆனால் மின்தேவை இரண்டுக்கும் ஒரே 65 வாட். நான்கு கோர் உடைய கோர் 2 குவாட் பிராசசர்களும் பழைய சரக்கில் கிடைக்கின்றன என்றாலும், 95 வாட் கேட்கும் அவற்றைச் சிக்கனமாகச் செய்யப்பட்ட ஒரு ஜி31 போர்டின் மின்பகுதி எத்தனை கோடைகளுக்குத் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனவே சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் பழைய இ8400 ஒன்றை நானூறு ரூபாய்க்கு வாங்கிவந்தேன்.

மாட்டிப் பார்த்தால் மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பீப் ஒலிகூட இல்லை. விற்றவர் செத்த பிராசசரைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஒரு மணி நேரம் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய இ4500ஐத் திரும்ப மாட்டியதும் கணினி வழக்கம்போல எழுந்தது. அப்போது திரையின் கீழே ஓடிய வரியில் இருந்த பயாஸின் தேதியைக் கவனித்தேன். கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும், மதர்போர்டின் ஒரு சிப்பில் பதிந்திருக்கும் நிரல்தான் பயாஸ். எங்களுடையதன் தேதி 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தைச் சேர்ந்தது. இ8400 சந்தைக்கு வந்ததோ 2008 ஜனவரியில். தன்னைவிட இளைய பிராசசரை அந்த பயாஸ் அறிந்திருக்க வழியில்லை.

இந்த 'அறிதல்' என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு பிராசசரும் தன் குடும்பம், மாதிரி, ஸ்டெப்பிங் எனப்படும் திருத்தப் பதிப்பு ஆகிய மூன்றையும் குறிக்கும் ஓர் அடையாள எண்ணைத் தன்னுள் வைத்திருக்கிறது. எங்கள் பழைய இ4500க்கு அது 6எஃப்டி, புதிதாக வாங்கியதற்கு 1067ஏ. கணினியை இயக்கியவுடன் பயாஸ் அந்த எண்ணைப் படித்து, தன்னிடம் இருக்கும் தொகுப்பிலிருந்து அந்த எண்ணுக்குரிய மைக்ரோகோடு என்னும் உள் நிரல் திருத்தத்தை எடுத்து பிராசசருக்குள் ஏற்றுகிறது. பிராசசர் வடிவமைப்பில் தங்கிவிட்ட பிழைகளை, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் சரிசெய்வதற்காக 1995இன் பென்டியம் புரோ காலத்திலிருந்தே இன்டெல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. லினக்ஸ் கெர்னலும் மைக்ரோகோடை ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் லினக்ஸ் எழுந்திருப்பதற்கு முன்பாக ரேமையும், பாகங்களை இணைக்கும் பஸ் என்ற பாதையின் வேகத்தையும் சரியாக அமைத்துத் தரவேண்டிய பொறுப்பு பயாஸுடையது, தெரியாத பிராசசரிடம் அது அங்கேயே திகைத்து நின்றுவிடுகிறது. பயாஸைப் புதுப்பிக்காமல் இ8400 எங்கள் போர்டில் ஒருபோதும் ஓடாது என்பது அப்போதுதான் உறுதியானது.

பயாஸைத் தொடுவது என்றாலே எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய சிஐஎச் வைரஸ் வெடித்த நாள் அது. விண்டோஸ் 95, 98 ஓடும் கணினிகளில் புகுந்து, ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்தைச் சுழியங்களால் நிரப்பியதோடு, குறிப்பிட்ட சில சிப்செட்டுகள் கொண்ட போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவிட்டுப் போனது. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு கணினிகள் அன்றைக்குப் பிறகு எழவே இல்லை. ஹார்டு டிஸ்க் போனால் புதிது மாட்டலாம், விண்டோஸ் போனால் மறுபடி நிறுவலாம். பயாஸ் போன கணினியோ திரையில் ஒரு புள்ளியைக்கூடக் காட்டாது என்பதை அன்று கண்ணால் பார்த்தவன், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அந்தச் சிப்பில் எழுதத் தயங்கத்தான் செய்வான்.

முதல் ஐபிஎம் பிசி 1981இல் வந்தபோது இந்தத் தயக்கத்துக்கே இடமிருக்கவில்லை. அதன் பயாஸ் வெறும் 8 கேபி. ரோம் சிப்பில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது, மாற்ற வேண்டுமானால் சிப்பையே மாற்ற வேண்டும். மின்சாரத்தால் அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்புகள் தொண்ணூறுகளில் பரவியபோதுதான், பயாஸைப் புதுப்பிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையாயிற்று. கெடுப்பதும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையாயிற்று. எங்கள் கணினியில் இருப்பது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் பயாஸ். 1985இல் சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்ததும் திரையில் தெரியும் அந்தப் பெயருக்குப் பின்னால் நம் பக்கத்து மனிதர்களின் உழைப்பும் இருக்கிறது என்பது எனக்கு நீண்ட காலம் தெரியாது.

வேலையில் இறங்குவதற்கு முன்னால், புதிய பயாஸ் எவற்றையெல்லாம் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிய பொய்ப் பேச்சுகள் அதிகம். 4 ஜிபி ரேம் வரம்பு சிப்செட்டினுடையது, பயாஸ் அதை உயர்த்தாது. ஜி31 போர்டுகளோடு வரும் ஐசிஎச்7 சிப்பில், டிஸ்க்கோடு வேகமாகப் பேச உதவும் ஏஹெச்சிஐ வசதியே இல்லை. ஆகவே எந்தப் பதிப்பைப் போட்டாலும் எஸ்எஸ்டி பழைய ஐடிஇ முறையில்தான் ஓடும், அப்படி ஓடினாலும் ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம்தான் என்பது வேறு விஷயம். 2018இல் வெளியான ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைக்கு மருந்து கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. இ8400 சேர்ந்த உல்ஃப்டேல் வரிசைக்கு அதற்கான மைக்ரோகோடு தருவதில்லை என்று அதே ஆண்டு ஏப்ரலில் இன்டெல் அறிவித்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: 1067ஏ என்ற எண்ணுக்குரிய ஆதரவு.

அந்த ஒன்றைத் தேடுவதுதான் முழு வேலையிலும் அதிக நேரத்தைத் தின்றது. போர்டைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் 2008ஆம் ஆண்டு மாதிரிகளுக்கான பக்கம் எப்போதோ நீக்கப்பட்டிருந்தது. தேடுபொறி காட்டிய தளங்களில் பெரும்பாலானவை, டவுன்லோடு என்ற பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு 'டிரைவர் அப்டேட்டர்' நிரலைத் தலையில் கட்டுகிறவை. அங்கிருந்து எடுத்த கோப்பைக் கணினியின் அடிமடியில் எழுதுவதற்கு யாருக்குத் துணிவு வரும்? கடைசியில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுப் பக்கம் கிடைத்தது. நல்ல வேளையாகக் கோப்புகளும் சேர்த்தே சேமிக்கப்பட்டிருந்தன. பதிப்புக் குறிப்புகளைப் படித்தபோது மூன்றாம் பதிப்பில் '45 நானோமீட்டர் பிராசசர்களுக்கு ஆதரவு' என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மறுபடியும் கறுப்புத் திரையைத்தான் பார்த்திருப்பேன். இ8400 இரண்டு ஸ்டெப்பிங்குகளில் வந்தது: முதலில் வந்த சி0, பின்னால் வந்த இ0. பிராசசரின் உலோக மூடியின் மேல் எஸ்எல்ஏபிஎல் என்று பொறித்திருந்தால் முன்னது, எஸ்எல்பி9ஜே என்றிருந்தால் பின்னது. என்னுடையது பின்னது, அதற்கான ஆதரவு ஏழாம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. பழைய பிராசசர் வாங்குகிறவர்கள் பெயரை மட்டும் பார்க்காமல் இந்தக் குறியீட்டையும் பார்த்து வாங்கினால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

கோப்பு கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தேன். அதே பெயரில் இரண்டு மதர்போர்டுகள் உண்டு என்பதை நான் கவனிக்கவில்லை. போர்டின் ஓரத்தில், பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு நடுவே, தூசிக்கு அடியில் மிகச் சிறிய வெள்ளை எழுத்தில் திருத்த எண் அச்சிடப்பட்டிருக்கும். எங்களுடையது 1.0, நான் இறக்கியது 2.0க்கு உரியது. எழுதும் நிரலைத் தொடங்கியதுமே, கோப்பின் அளவு சிப்பின் அளவோடு பொருந்தவில்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. எங்கள் சிப் 8 மெகாபிட், அதாவது கோப்பு சரியாக 10,48,576 பைட் இருக்க வேண்டும். நான் வைத்திருந்த கோப்போ அதில் பாதி. தெரிந்த கணினிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அதெல்லாம் அப்படித்தான் சொல்லும் சார், ஃபோர்ஸ் பண்ணி எழுதிடுங்க" என்றார். எச்சரிக்கையைப் புறக்கணித்து எழுதச் சொல்லும் கட்டளை அந்த நிரலில் இருக்கத்தான் செய்கிறது. அவர் சொன்னபடி செய்திருந்தால், இந்தப் பதிவைப் புதிய கணினி ஒன்றிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். லினக்ஸில் டிமைடிகோடு என்ற கட்டளையைக் கொடுத்தாலும் போர்டின் பெயரும் திருத்த எண்ணும் தெரியும். ஆனால் சில போர்டுகளில் அந்த இடத்தில் வெறும் எக்ஸ்களை நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்பதால், டார்ச்சை அடித்துக் கண்ணால் படிப்பதே உத்தமம்.

சரியான கோப்பை எடுத்த பிறகும் உடனே எழுதவில்லை. முதலில் பயாஸ் அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்தேன். பிறகு கடையின் யுபிஎஸ்ஸைச் சோதித்தேன். எழுதும் அந்த இரண்டு நிமிடத்தில் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று என்பதால் யுபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் பேட்டரி மூன்று ஆண்டுகளைத் தாண்டிய யுபிஎஸ், மின்சாரம் போன நொடியில் தானும் போய்விடக்கூடியது. கணினி ஓடும்போதே சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததில் எங்களுடையது நாற்பது நொடிதான் தாங்கியது. புதிய பேட்டரி வாங்கி மாட்டி, மறுபடி பிடுங்கி, பத்து நிமிடம் தாங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போனேன். பிராசசருக்கு ஆன செலவைவிட பேட்டரிக்கு ஆன செலவு இருமடங்கு.

விண்டோஸுக்குள்ளிருந்தே பயாஸை எழுதும் நிரல்களும் உண்டு; பின்னணியில் பத்துப் பதினைந்து நிரல்கள் ஓடும் இடத்தில் இந்த வேலையைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. ரூஃபஸ் என்ற சிறிய நிரலைக் கொண்டு, ஒரு பழைய 2 ஜிபி பென் டிரைவில் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸை ஏற்றினேன். டாஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்தையும் பின்னொட்டு மூன்று எழுத்தையும் தாண்டக் கூடாது என்பதால் நீண்ட பெயரைச் சுருக்க வேண்டியிருந்தது. நினைவக மேலாளர் எதுவும் ஏறாமல் வெறும் டாஸாகத் தொடங்குவது முக்கியம். அவை எழுதும் நிரலின் காலை வாரக்கூடியவை.

எழுதுவதற்கு முன்பாக, சிப்பில் இருக்கும் பழைய பயாஸை முழுமையாக ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டேன். இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து இறக்கும் கோப்பு பொதுவானது. உங்கள் சிப்பில் இருப்பது உங்கள் போர்டுக்கே உரியது. சில போர்டுகளில் வரிசை எண்ணும் லேன் முகவரியும்கூட அதே சிப்பில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், அதன் அளவும் அதே 10,48,576 பைட் என்பதைப் பார்த்து, மின்னஞ்சலிலும் ஒரு படி போட்டுவைத்தேன்.

பிறகு எழுதும் கட்டளை. நிரல் முதலில் சிப்பை அழித்தது, பின்பு எழுதியது, பின்பு எழுதியதைப் படித்து ஒப்பிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீத எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மொத்தம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அப்பாவைக்கூடப் பக்கத்தில் வர விடாமல் நின்றிருந்தேன்.

ஒப்பிடும் கட்டத்தில் பிழை வந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வைத்திருந்தேன். அப்படி நேர்ந்தால் பதற்றத்தில் கணினியை அணைத்துவிடக் கூடாது. டாஸும் எழுதும் நிரலும் அந்த நேரத்தில் ரேமில் உயிரோடு இருக்கின்றன. சிப்பில் குப்பை இருந்தாலும் ஓடும் கணினிக்கு அது தெரியாது. எடுத்துவைத்த பழைய கோப்பை அங்கேயே, அப்போதே திரும்ப எழுதலாம். அணைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அதற்குப் பிறகும் ஒரு வழி உண்டு: பெரும்பாலான பயாஸ்களில் பூட் பிளாக் என்ற சிறு பகுதி அழிக்கப்படாமல் தப்பிவிடும், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸ் என்றால், கோப்புக்கு ஏஎம்ஐபூட்.ரோம் என்று பெயரிட்டு ஃபிளாப்பியிலோ பென் டிரைவிலோ வைத்து, கன்ட்ரோல், ஹோம் விசைகளை அழுத்திக்கொண்டு இயக்கினால், அந்தப் பூட் பிளாக் கோப்பைத் தேடி எடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளப் பார்க்கும். அதுவும் கைவிட்டால் சிஎச்341ஏ என்ற புரோகிராமர் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறு பலகையை, போர்டில் பற்றவைத்திருக்கும் எட்டுக்கால் சிப்பின் மேல் கிளிப்பால் கவ்விப் பிடித்து, வேறொரு கணினியிலிருந்து ஃபிளாஷ்ரோம் நிரலால் எழுதலாம். மலிவான கறுப்புப் பலகைகள் 3.3 வோல்ட் சிப்பின் தரவுக் கால்களுக்கு 5 வோல்ட்டை அனுப்பும் குறையுடையவை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பயாஸ் சிப்புகள் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்த காலத்தில், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கணினியின் சிப்பைப் பிடுங்கிவிட்டுச் செத்த சிப்பைச் செருகி எழுதிய துணிச்சல்காரர்களும் இருந்தார்கள்.

எனக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. கணினியை அணைத்து, போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜம்பர் என்ற இணைப்பியை மாற்றிப் பழைய அமைப்புகளை அழித்து, இ4500ஓடு ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். புதிய தேதியோடு திரை வந்தது. அதன் பிறகே பிராசசரை மாற்றினேன். ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று பதினேழு ஆண்டுச் சூட்டில் நொறுங்கியது தனிக்கதை. புதிய பேஸ்ட் தடவி இயக்கியபோது, 'கோர் 2 டுவோ இ8400, 3 கிகாஹெர்ட்ஸ்' என்ற வரி திரையில் ஓடியது. விற்றவரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் பில் அடித்தபோது பிரிண்டர் சும்மா இருந்தது. அமைப்புகளை அழித்ததால் பேரலல் போர்ட்டின் முறையும் தொழிற்சாலை நிலைக்குப் போயிருந்தது. கைபேசிப் படங்களைப் பார்த்து பழையபடி இபிபி என்று மாற்றியதும் தலையை ஆட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்கியது. மூன்று பில்கள் போன பிறகு அப்பாதான் கண்டுபிடித்தார். "என்னப்பா, பில்லுல 2009னு விழுது?" பிரிண்டரைச் சரிசெய்யும் அவசரத்தில் தேதியை மறந்திருந்தேன், பயாஸ் தன் பிறந்த ஆண்டின் ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் நின்றிருந்தது. ஜிஎஸ்டி என்ற வரியே இல்லாத ஆண்டில் ஜிஎஸ்டி பில். மூன்றையும் ரத்து செய்து, வாடிக்கையாளர்களைக் கைபேசியில் அழைத்து, வேறு பில் அனுப்பினோம். அன்றே போர்டுக்குப் புதிய சிஆர்2032 பேட்டரியும் போட்டுவிட்டேன்.

இப்போது இ-வே பில் பக்கம் திறப்பதற்குள் டீ ஆறுவதில்லை. போர்டின் பெயர், திருத்த எண், பயாஸ் பதிப்பு, பேரலல் போர்ட் முறை ஆகியவற்றை ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுதி, பழைய, புதிய பயாஸ் கோப்புகள் இரண்டும் உள்ள அந்தப் பென் டிரைவோடு சேர்த்து, கேபினட்டின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.